நான்கு இடுப்பெலும்புக் கொலைகள்

7

கொலை நடந்த இடம் இடுப்பு. செத்தது எலும்பு. அதுவும் ஒன்றல்ல, நான்கு.

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் குணசுந்தரி துப்பறியும் நிலையத்தில் சாம்சன் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவன் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணை, கிடங்கிலிருந்து காணாமல்போன செம்புக் கம்பி, மனைவியின் செல்போனைச் சந்தேகப்படும் கணவன்மார்கள். ஒரு கொலை வழக்காவது வராதா என்று ஏங்கியதுண்டு. கடைசியில் வந்தது. ஆனால் பிணம் ஆளுக்குள்ளேயே இருந்தது; ஆள் அதைச் சுமந்துகொண்டு நொண்டி நடந்துகொண்டிருந்தான்.

வழக்கைக் கொண்டுவந்தவர் எலும்பு டாக்டர் அருணா. தொடை எலும்பின் உருண்டையான தலைக்கு ரத்தம் போவது நின்றால், அது உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, ஒருநாள் பொலபொலவென்று அமுங்கிவிடுமாம். அப்படிச் சாகத் தொடங்கிய எலும்புக்குள், நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை ஊசியால் விடுகிறார் அருணா. அந்தச் செல்கள் பிழைத்து நிற்பதற்காக, ஒரு சித்த மருத்துவரோடு சேர்ந்து தயாரித்த பிரண்டைப் பொடியை ஒரு வருஷம் சாப்பிடச் சொல்கிறார். ஆராய்ச்சியில் மொத்தம் பதினோரு பேர். ஏழு பேருக்கு நோய் அப்படியே நின்றிருந்தது. நாலு பேருக்கு ஆறே மாதத்தில் எலும்பு இடிந்துவிட்டது. அந்த நாலு பேரும் புதுவாயலைச் சேர்ந்தவர்கள்.

"நான் உள்ளே விட்ட செல்லை யாரோ கொல்றாங்க" என்று அருணா சொன்னபோது சாம்சன் சிரித்துவிட்டான். குணசுந்தரி சிரிக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள் எந்த வழக்கிலும் முதல் நாள் சிரிப்பதில்லை.

இன்றைக்கு வழக்கின் கடைசி நாள். நாலு பேரில் இளையவன் சசிகுமார், இருபத்தொன்பது வயது, உருக்காலைத் தொழிலாளி. வலது இடுப்பு போய்விட்டது. இடது இன்னும் நிற்கிறது. அந்த இடதுக்கு நாளைக் காலை ஊசி. நேற்றே அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஆனால் கொலைகாரன் யாரென்று தெரியாமல் இன்னொரு ஊசி போட மாட்டேன் என்று அருணா சொல்லிவிட்டார். ஒரு இளைஞன் இரண்டு காலில் நிற்பானா என்பதற்குச் சரியாக ஒரு நாள் மிச்சமிருந்தது.

காலை ஆறேகால். பெரியபாளையம் தாண்டி, சாம்சனின் பைக் ஒரு நீலப் பெட்டியைத் துரத்திக்கொண்டிருந்தது. நீலப் பெட்டி ஆஸ்பத்திரி ஊழியன் ஜெகனின் பைக்கில் கட்டியிருந்தது. பொடி டப்பாக்களைப் புதுவாயலுக்கு எடுத்துப் போகிறவன் அவன் ஒருவன்தான். வழியில் பொடியை மாற்றுவதென்றால் அவன்தான் மாற்ற வேண்டும்.

"கழுத்து புடிச்சுக்கிச்சு மேடம். மூணு நாளா இந்தப் பெட்டியவே பாத்துக்கினு வண்டி ஓட்டறேன். என் கல்யாணத்துல பொண்ண கூட இவ்ளோ நேரம் பாக்கல."

"பொண்ணு திரும்பிப் பாத்திருக்க மாட்டா. ரோட்டைப் பாரு" என்றார் குணசுந்தரி பின்னாலிருந்து.

புதுவாயல் கூட்ரோட்டில் லாரிகள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறுவதற்காக உறுமிக்கொண்டு நின்றன. இரவு ஷிப்ட் முடிந்த ஆட்கள் சாம்பல் படிந்த முகத்தோடு கும்பலாக நடந்து வந்தார்கள். ஜெகன் ஒரு மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தினான். பெட்டியை இறக்கவில்லை. நேராக இவர்களிடம் வந்தான்.

"இன்னா சார், திங்கக்கெழமையிலேந்து பின்னாடியே வந்துக்கினு கீறீங்க. ஹெல்மெட் கலரயாச்சும் மாத்தக் கூடாதா?"

சாம்சன் தன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தான். கிளிப்பச்சை.

"ஆபர்ல குடுத்தான்பா" என்றான்.

குணசுந்தரி சுற்றி வளைக்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். பத்து டப்பாக்கள். எல்லாவற்றிலும் மூடியின் மேல் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை.

"இதுல எது யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஒரே பொடிதான் மேடம். கைக்கு வர்றத குடுப்பேன். கடம்பத்தூர்ல எங்கம்மாவுக்கும் இதுலேந்துதான் ஒண்ணு."

"உங்க அம்மாவா?"

"முத்தம்மாள். பதினோரு பேர்ல அவங்களும் ஒருத்தர். இப்ப பாருங்க, ரயில்வே மேம்பாலம் ஏறி எறங்குறாங்க. எனக்குத்தான் மூச்சு வாங்குது."

குணசுந்தரி பெட்டியை மூடினார்.

"போச்சு" என்றான் சாம்சன். "எந்தக் கொலைகாரனும் தன்னோட அம்மாவுக்குக் குலுக்கல் முறையில விஷம் குடுக்க மாட்டான். ஒரே பொட்டி, ஒரே பொடி. கடம்பத்தூர் இடுப்பு மேம்பாலம் ஏறுது, புதுவாயல் இடுப்பு படுத்துக்குது. மூணு நாள் பெட்ரோலு வேஸ்ட்டு மேடம்."

"வேஸ்ட் இல்லை. பொடி நல்ல பொடின்னு தெரிஞ்சிருக்கு." அவர் மெஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்தார். "அப்போ கெட்டது ஊர்ல இருக்கு. வா, சாப்பிடலாம்."

மெஸ்ஸை நடத்துகிறவள் சசிகுமாரின் தாய் கனகாம்பாள். இவர்களைப் பார்த்ததும் கரண்டியோடு ஓடி வந்தாள். மூன்று நாளாக அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"நாளைக்கு ஊசி உண்டாம்மா?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

"மொதல்ல உக்காருங்க. நைனா, நீயும் உக்காரு. கழுத்த ஏன் இப்டி கோணிக்கினு கீற? டேய், இவுருக்கு ஒரு டம்ளர் குடு."

இலை வருவதற்கு முன் டம்ளர் வந்தது. அந்த மெஸ்ஸின் சட்டம் அது. உலைக்களத்திலிருந்து வெந்துபோய் வருகிற எவனும் கனகாம்பாளின் கஷாயத்தைக் குடிக்காமல் இலையில் கை வைக்க முடியாது. கருப்பட்டியும் சுக்கும் மிளகும் கலந்த சூடு தொண்டையில் இறங்கியபோது சாம்சனுக்கு, எங்கோ பனி பெய்யும் தேசத்தில் தனக்காக ஒரு வீட்டில் விளக்கேற்றி வைத்திருப்பதுபோல் இருந்தது. இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினான். குணசுந்தரிக்கு அல்சர். அவர் இட்லியோடு நிறுத்திக்கொண்டார்.

"அம்மா, நாலு பேரும் இங்கதான் சாப்பிடறாங்களா?"

"எல்லாரும் நம்ம புள்ளைங்கதான். சசியோட வேல செய்றவங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல கண்ணு பட்டுடுச்சு." சுவரைக் காட்டினாள். இரண்டு ஆயுத பூஜைப் படங்கள், பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. "இது நாலு வருசம் முன்னாடி எடுத்தது. இது போன வருசம். வந்தப்ப எப்டி காஞ்சு கெடந்தாங்க, இப்ப எப்டி கீறாங்க பாருங்க. எல்லாம் என் சாப்பாடு."

உண்மைதான். முதல் படத்தில் இருந்த ஒட்டிய கன்னங்களெல்லாம் இரண்டாவது படத்தில் பூரி மாதிரி உப்பியிருந்தன. ஒரே ஒருவன் மட்டும் இரண்டிலும் தீக்குச்சியாக நின்றான்.

"இவருக்கு மட்டும் உங்க சாப்பாடு ஒட்டலையா?"

"அவன் சரவணன். இஞ்சி, சுக்கு வாசன பட்டாலே வாந்தி எடுப்பான். அவனுக்கு மட்டும் மோரு."

சரவணன் கடைசி மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குணசுந்தரி எதிரில் போய் உட்கார்ந்தார். அதே ஆலை, அதே உலை, சசியோடு அதே அறை, ஆறு வருஷம். அதே தண்ணீர், அதே சோறு.

"இடுப்பு வலி உண்டாப்பா?"

"இடுப்பு, முதுகு, தோளு எல்லாம் வலிக்கும் மேடம். டபுள் ஷிப்ட் பாத்தா வலிக்காம இருக்குமா? இவங்களுக்குத்தான் வலிக்கவே வலிக்காது. ஓவர்டைம்னா மொதல்ல ஓடுவானுங்க. நான்தான் லீவு போட்டுப் படுத்துக்குவேன். சோம்பேறின்னு பேரு வேற."

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"எல்லாரையும் எடுக்க சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

வெளியே வந்து, குணசுந்தரி பஞ்சர் கடை நிழலில் நின்றார். ஒன்பதரை மணி வெயில் தார் மீது நெளிந்தது.

"சாம்சா, ஒண்ணு உறுத்துது. டாக்டர் முதல் நாளே சொன்னாங்க. நாலு பேருக்கும் எலும்பு இடிஞ்சு போயிருக்கு, ஆனா யாருமே வலிக்குதுன்னு சொல்லல. நொண்டிக்கிட்டே சிரிக்கிறாங்க. எலும்பு செத்தா கத்தணும். இங்க நாலு கொலை நடந்திருக்கு, ஒரு கத்தல் கூட கேக்கல. அப்போ யாரோ வாயைப் பொத்தியிருக்காங்க."

சாம்சன் சடாரென்று திரும்பி ஜெகன் போன திசையைப் பார்த்தான். "அவன வேணா மறுபடி..."

"இப்ப என்ன பண்ண?"

"இன்னா பண்ணேன்?"

"கழுத்தைத் திருப்பின."

சாம்சன் இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம் திருப்பினான். மூன்று நாளாகப் பலகைபோல் இருந்த கழுத்து எண்ணெய் போட்ட கீல் மாதிரி சுற்றியது.

"அட, போயே போச்சு! கஷாயம்னா இதான் கஷாயம். மேடம், இத்த பாட்டில்ல அடச்சு வித்தா நம்ம நிலையத்த மூடிட்டு..."

பாதியில் நிறுத்தினான். குணசுந்தரியின் முகம் அப்படி இருந்தது.

"சுக்கு தொண்டைக்குப் போகும், வயித்துக்குப் போகும். ரெண்டு மணி நேரத்துல கழுத்துப் பிடிப்பை எடுக்கிற சுக்கை நான் பாத்ததில்லை." அவர் குரல் தாழ்ந்தது. "சரவணன் குடிக்கல. சரவணனுக்கு வலி இருக்கு, எலும்பும் இருக்கு."

"ஆனா டாக்டர் எல்லார்கிட்டயும் கேட்டாங்களே. வேற மருந்து எதாச்சும் சாப்புடறீங்களான்னு பாரத்துலயே இருந்துச்சு. நாலு பேரும் இல்லன்னுதான் எழுதினாங்க."

"பொய் சொல்லல. அம்மா குடுக்கிற கஷாயத்தை எவன் மருந்துன்னு எழுதுவான்? பாரத்துல சாப்பாட்டுக்குக் கட்டம் இல்லை."

மறுபடி உள்ளே போனார்கள். கஷாயம் எப்படிப் போடுவது என்று கேட்டதும் கனகாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்படிக்கே கூட்டிப் போனாள். சுக்கு, மிளகு, தனியா, கருப்பட்டி என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். கடைசியில் பெயரோ ஊரோ அச்சிடாத ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பழுப்புப் பொடி.

"இது மூலிகப் பொடி. ஒரு வைத்தியரு மாசாமாசம் மொபெட்ல கொண்டாருவாரு, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா பக்கத்துக்காரரு. நாலு வருசமா இதான். சுத்தமான மூலிக, ஒடம்பு வலிக்கு. டம்ளருக்கு ஒரு ஸ்பூனு. இத்த போடறதாலதான் புள்ளைங்க இந்த நெருப்புல நிக்கிதுங்க."

"சசிக்கும் ஒரு ஸ்பூனா?"

கனகாம்பாள் வெட்கப்பட்டதுபோல் சிரித்தாள். "அவனுக்கு மட்டும் ரெண்டு. பெத்தவ மனசு."

குணசுந்தரி ஒரு கைப்பிடி பொடியைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து அருணாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் முதலில் வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் வந்தது.

"முகம் உப்பலா? ஆமா... எல்லாருக்கும் உண்டு. வயித்துல செவப்புக் கோடு கூட. சசிக்கு நேத்துதான் பாத்தேன், உடம்பு ஏறினதால வந்ததுன்னு நினைச்சேன். ஐயோ. ஸ்டீராய்டு அம்மா, அது ஸ்டீராய்டு. மூலிகைன்னு சொல்லி கலந்து விக்கிறாங்க. வருஷக்கணக்கா போனா எலும்புக்குப் போற ரத்தத்தையே நிறுத்திடும். இந்த நோய் அவங்களுக்கு வந்ததே அதனாலதான் இருக்கும். நான் மேல செல்லை நட்டுக்கிட்டு இருந்தேன், கீழ தினமும் வேர்ல வெந்நீர் ஊத்தியிருக்காங்க. பொடியை லேபுக்கு அனுப்புங்க, ஒரு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி சசியோட ரத்தத்துலயே தெரிஞ்சுடும், நான் இப்பவே பாக்கறேன்."

"டாக்டர், எங்காளு ரெண்டு டம்ளர் குடிச்சான்."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. மறுபடி குடிக்க வேண்டாம்."

சாம்சன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் அவனுக்குள் உற்சாகம் பொங்கியது. கொலைகாரன் கிடைத்துவிட்டான்! பொடியை நிறுத்தினால் போதும், இடது இடுப்பு பிழைத்துவிடும், நாளைக்கு ஊசி.

"கேஸ் முடிஞ்சுது மேடம். அந்த மொபெட் வைத்தியர மட்டும் அமுக்கிட்டா..."

கனகாம்பாளிடம் வாங்கிய அந்த ஆளின் நம்பரை குணசுந்தரி மூன்று முறை அழைத்தார். அணைத்து வைத்திருந்தது. விவரத்தையெல்லாம் போலீசுக்கு எழுதி அனுப்பினார். அந்த ஆளின் பெயர் கூட யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் "வைத்தியரு", அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு அருணா திரும்ப அழைத்தார். இந்த முறை குரலில் ஒன்றுமே இல்லை.

"ரத்தம் சொல்லிடுச்சு, ஸ்டீராய்டுதான். இன்னொண்ணு. ஊசிக்கு முன்னாடி எடுக்கிற ஸ்கேன் இப்பதான் வந்துச்சு. இடதும் அமுங்கிடுச்சு. போன மாசம் நல்லா இருந்தது. வலி தெரியாததால அவன் அது மேல நடந்திருக்கான், டபுள் ஷிப்ட் பாத்திருக்கான். என்னோட செல்லோ பிரண்டையோ சாகாத ஓரத்தைத் தாங்கிப் பிடிக்குமான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். இடிஞ்சதை அதுங்க எழுப்பாது. நாளைக்கு ஊசி போட இடமே இல்லை."

"செயற்கை மூட்டு?"

"வைக்கலாம், பின்னால. அந்த உலைக்குத் திரும்ப முடியாது. உக்காந்து எழுந்திரிக்கிறதே அளவாத்தான் இருக்கும். அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணு சொல்லணும்."

சாம்சன் இத்தனை வருஷத்தில் குணசுந்தரி ஒரு வாசலில் தயங்கி நின்று பார்த்ததில்லை. இப்போது மெஸ் வாசலில் நின்றார்.

கனகாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஊசி உண்டாம்மா?"

"இல்லைம்மா."

"ஏன்? கொலகாரன் கெடைக்கலியா?"

"கிடைச்சுது." குணசுந்தரி காகித மடிப்பைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். பிறகு சுற்றி வளைக்காமல், வார்த்தைகளுக்கு உறை போடாமல், எல்லாவற்றையும் சொன்னார்.

கனகாம்பாள் அழவில்லை. பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் மூலிகன்னு சொன்னாரே யம்மா."

"மூலிகையும் இருக்கு. கூட அதுவும் இருக்கு."

"ரெண்டு ஸ்பூனு போட்டேனே." காகிதத்தை மறுபடி மடித்தாள். "ஒரு ஒடிசாக்கார பையன் இருந்தான். பூரிக்கு சக்கர கேப்பான். பேரு வாயில நொழையாது. இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு ஊருக்குப் போனான். போறப்ப இதுல அர கிலோ கட்டிக் குடுத்தேன். ஸ்ரீகாகுளத்துப் பசங்க மூணு பேரு. அவங்களுக்கும் குடுத்தேன். ஒவ்வொருத்தரா போறப்ப குடுத்தேனே."

சாம்சன் நோட்டைத் திறந்தான். எழுத முகவரி ஏதும் இல்லை. 'பூரிக்குச் சர்க்கரை' என்று எழுதிவிட்டு மூடினான்.

அண்டாவில் மிச்சமிருந்த கஷாயத்தை அவளே வாசல் சாக்கடையில் கொட்டினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அருணா அவளை வார்டுக்கு வெளியே நிறுத்தி, ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார்.

"தினமும் காலைல ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். எட்டு மாசமாவது ஆகும். ஒரு நாள் கூட தவறக் கூடாது."

"இது எலும்புக்கா?"

"இல்லைம்மா." அருணா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இதுவும் ஸ்டீராய்டுதான். அளவு தெரிஞ்சது. இத்தனை வருஷம் வெளியிலேந்து வந்ததால அவன் உடம்பு தானா சுரக்கிறதையே நிறுத்திடுச்சு. திடீர்னு நிறுத்தினா மயங்கி விழுவான், உயிருக்கே ஆபத்து. மத்த மூணு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். அவங்களுக்கும் இதேதான்."

"அத்தயே திரும்பக் குடுக்கணுமா? தெரிஞ்சேவா?"

"ஆமா."

கனகாம்பாள் தலையை ஆட்டினாள். "அவங்கிட்ட நானே சொல்றேன். இன்னிக்கி வேணாம்."

சாம்சனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மொபெட்காரனைப் பிடித்துவிடுவோம் என்று சொல்லலாம். பிடித்தாலும் சசியின் இடுப்பு திரும்பாது. கதவின் சதுரக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். சசிகுமார் கட்டிலில் சாய்ந்து, போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். உருண்டையான, செழிப்பான முகம். எங்கேயும் வலிக்காத முகம்.

"வா, போலாம்" என்றார் குணசுந்தரி. ஆனால் அவரும் நகரவில்லை.

கனகாம்பாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னாம்மா, ஊசி உண்டாமா?" என்றான் சசி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாள் தள்ளிப் போட்டுக்கீறாங்க." அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை உடைத்தாள். அது கட்டிலில் விழுந்தது. தேடி எடுத்தாள். "வாயத் தொற."

சசி வாயைத் திறந்தான். தண்ணீர் குடித்தான். விழுங்கினான். அம்மா கொடுப்பதை என்னவென்று கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.